ஜான் ஹாம்டன்: 20 ஷில்லிங் கப்பல் பணமும் ஒரு நாட்டுப்புறக் கனவானும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் ஹாம்டன் யார்?

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், சில்டர்ன் குன்றுகளில் இருக்கும் கிரேட் ஹாம்டன் என்ற ஊரின் நிலக்கிழார். ஏறக்குறைய 1595-இல் பிறந்து 1643-இல் போர்க்காயத்தால் இறந்தவர். மன்னர் முதலாம் சார்ல்ஸ் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் விதித்த 'கப்பல் பணம்' என்ற வரியைக் கட்ட மறுத்தார். அதற்காக 12 நீதிபதிகள் முன்னால் நடந்த வழக்கில் தோற்றார். அந்தத் தோல்விதான் அவரை நாடறிந்த மனிதராக்கியது.

பெயரில் உள்ள 'ப்' ஒலிக்காது. 'ஹாம்ப்டன்' என்று எழுதுவோரும் உண்டு. இந்தப் பக்கம் முழுவதும் ஹாம்டன் என்றே இருக்கும்.

அவர் பிரபுவா? 'சர்' பட்டம் உண்டா?

இரண்டும் இல்லை. கடைசி வரை அவர் 'எஸ்குவயர்' தான். நைட் பட்டத்துக்குக் கீழே, சாதாரணக் கனவானுக்கு ஒரு படி மேலே இருக்கும் நிலை அது. சில தமிழ்க் கட்டுரைகளில் 'சர் ஜான் ஹாம்டன்' என்று வருவது பிழை.

வசதி இல்லாததால் பட்டம் வரவில்லை என்று நினைக்க வேண்டாம். சார்ல்ஸின் தந்தை ஜேம்ஸ் மன்னர் காலத்தில் பணம் இருந்தால் பிரபு பட்டமே வாங்கலாம். மகனுக்கு இதுதான் சமயம், பிரபுக்கள் கூட்டம் கூட்டமாக உருவாகிறார்கள் என்று அவர் தாய் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. மகன் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆலிவர் குரோம்வெல்லுக்கு இவர் என்ன உறவு?

நாடாளுமன்றப் படையை நடத்தி, மன்னராட்சி வீழ்ந்த பின் நாட்டை ஆண்டவர் குரோம்வெல். ஆங்கில நூல்கள் இந்த உறவைக் 'கசின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். தமிழில் துல்லியமாகச் சொல்லலாம். ஹாம்டனின் தாய் எலிசபெத், ஹின்சிங்புரூக் மாளிகையின் சர் ஹென்றி குரோம்வெல்லின் மகள். அவருடைய உடன்பிறந்தவர் ராபர்ட் குரோம்வெல்லின் மகன்தான் ஆலிவர். ஆக, ஹாம்டனுக்கு ஆலிவர் மாமன் மகன். ஆலிவருக்கு ஹாம்டன் அத்தை மகன்.

கவிஞர் எட்மண்ட் வாலரின் தாய், ஹாம்டனின் தந்தைக்கு உடன்பிறந்தவர். எனவே வாலர் அத்தை மகன் முறை. அக்கால நாடாளுமன்றப் பட்டியலைக் கையில் எடுத்தால் இப்படி மாமன், மச்சான், சம்பந்தி என்று பாதிப் பேரை இணைத்துவிடலாம். யார் யாரோடு சேர்ந்து வாக்களித்தார் என்பதைப் புரிந்துகொள்ள இந்த முறைகளைக் குறித்து வைத்துக்கொண்டு படிப்பது மிகவும் உதவும்.

படிப்பு, குடும்பம்?

தந்தை வில்லியம் 1597-இல் இறந்தபோது ஜான் சிறு குழந்தை. தேம் ஊரில் உள்ள லார்ட் வில்லியம்ஸ் பள்ளியில் படித்தார். 1610-இல் ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரி, 1613-இல் லண்டனில் இன்னர் டெம்பிள் என்ற சட்டப் பயிற்சி மன்றம். அக்காலக் கனவான்கள் சட்டம் படித்தது வழக்காடிப் பிழைப்பதற்காக அல்ல. குத்தகைப் பத்திரம், எல்லைத் தகராறு, வாரிசுரிமை என்று நிலம் வைத்திருப்பவனுக்கு வாழ்நாள் முழுக்கச் சட்டம் தேவைப்பட்டது. ஹாம்டனிடம் அந்தப் பயிற்சி பிற்பாடு பெரிய வேலை செய்தது.

1619-இல் பிர்ட்டன் ஊரைச் சேர்ந்த எலிசபெத் சிமியனை மணந்தார். 1634-இல் மனைவி இறந்தார். கிரேட் ஹாம்டன் தேவாலயத்தில் அவருக்காக ஹாம்டன் வைத்த நினைவுக்கல்லில், அக்கம்பக்கத்தாருக்கு ஆதரவாகவும் குடும்பத்துக்குப் பெருமையாகவும் வாழ்ந்தவர் என்று பொறித்திருக்கிறார். அரசியல் கடிதங்களில் அளந்து அளந்து பேசும் ஒருவர் மனம் திறந்த இடம் அது. 1640-இல் லெட்டிஸ் என்ற கைம்பெண்ணை மறுமணம் செய்தார்.

நாட்டுப்புறக் கனவானுக்கு அன்றாடம் என்ன வேலை?

வேட்டையும் விருந்தும் என்ற படம் மனதில் இருந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். சம்பளம் வாங்கும் மாவட்ட அதிகாரிகள் அன்று இங்கிலாந்தில் கிடையாது. நம் கலெக்டர், தாசில்தார், மாஜிஸ்திரேட், காவல் கண்காணிப்பாளர் ஆகியோர் செய்யும் வேலை மொத்தத்தையும் உள்ளூர்க் கனவான்கள் சம்பளமில்லாமல் பங்கிட்டுச் செய்தார்கள்.

சமாதான நீதிபதியாக ஆண்டுக்கு 4 முறை கூடும் மாவட்ட அமர்வில் உட்கார வேண்டும். திருட்டு, அடிதடி, பாலம் பழுது, ஏழை வரி, தந்தை பெயர் தெரியாத குழந்தைக்கு யார் சோறு போடுவது என்பது வரை அங்கே தீர்ப்பாகும். உள்ளூர்ப் படையைத் திரட்டிப் பயிற்சி பார்க்க வேண்டும். நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட வரியை ஊருக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும். ஒரு ஆண்டு ஷெரிஃப் (மாவட்டத்தில் மன்னரின் ஆணைகளை நிறைவேற்றும் பொறுப்பாளர்) ஆக்கப்பட்டால் இன்னும் கஷ்டம். வசூலாகாத பாக்கிக்கு ஷெரிஃபே சொந்தப் பொறுப்பு. பதவிக்காலம் முடிந்த பிறகும் பாக்கி அவரைத் துரத்தும்.

மன்னரின் ஆணை லண்டனில் இருந்து கிளம்பலாம். அதை நிறைவேற்றும் கை இந்தக் கனவான்களுடையது. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டால் அரசு நின்றுவிடும். ஹாம்டன் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இந்த வேலைகளில் அவருக்குச் சிக்கல் வந்ததுண்டா?

உண்டு. 1634-இல் பேராயர் லாட் அனுப்பிய திருச்சபை ஆய்வில், பீக்கன்ஸ்ஃபீல்டு தேவாலய முற்றத்தில் படைத் திரட்டு நடத்தினார், தன் ஊர்த் தேவாலயத்தை விட்டு வேறு ஊர்த் தேவாலயத்துக்குப் போனார் என்று இவர்மேல் புகார் எழுந்தது. அடுத்த ஊருக்குப் போவதில் என்ன குற்றம் என்று தோன்றும். தனக்குப் பிடித்த பியூரிட்டன் (சடங்குகளைக் குறைத்துப் பிரசங்கத்தை வலியுறுத்திய சீர்திருத்தப் பிரிவு) பிரசங்கியைத் தேடிப் போவது அன்று கீழ்ப்படியாமை. இந்த விஷயத்தில் ஹாம்டன் பணிந்துபோனார். எல்லா இடத்திலும் முரண்டு பிடிக்கும் ஆள் அல்ல அவர்.

எந்தத் தொகுதிகளில் இருந்து நாடாளுமன்றம் போனார்?

1621-இல் கார்ன்வாலில் உள்ள கிராம்பவுண்ட். 1624, 1625, 1626, 1628 ஆகிய நாடாளுமன்றங்களில் வெண்டோவர். 1640-இல் கூடிய இரண்டு நாடாளுமன்றங்களிலும் பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத் தொகுதி.

வெண்டோவர் சுவையான சங்கதி. ஹாம்டனின் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறு சந்தை ஊர். நெடுங்காலமாக உறுப்பினர் அனுப்பாமல் உரிமை தூங்கிக் கிடந்தது. வில்லியம் ஹேக்வில் என்ற வழக்கறிஞர் பழைய ஆவணங்களைத் தோண்டி, வெண்டோவர், அமர்ஷம், மார்லோ ஆகிய 3 ஊர்களுக்கும் முற்காலத்தில் உரிமை இருந்ததைக் காட்டினார். 1624-இல் அது மீண்டும் கிடைத்தது. பழைய ஏட்டைக் காட்டி உரிமையை மீட்பது என்ற வழியை ஹாம்டன் இங்கே நேரில் பார்த்தார்.

மாவட்டத் தொகுதியில் வாக்களிக்க, ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும். 1430 முதல் அதுவே விதி. பெரும்பாலும் போட்டியே இருக்காது. பெரிய குடும்பங்கள் முன்கூட்டியே பேசி முடித்துவிடும்.

கப்பல் பணத்துக்கு முன்பே அவர் சிறை போனாரா?

ஆம். 1626–27-இல் சார்ல்ஸ் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் 'கட்டாயக் கடன்' கேட்டார். பெயர் கடன், திரும்ப வராது என்று எல்லாருக்கும் தெரியும். மறுத்தவர்களில் ஹாம்டனும் ஒருவர். வெஸ்ட்மின்ஸ்டரில் காவலில் வைத்து, பிறகு ஹாம்ப்ஷயரில் தங்கவைத்தார்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. 1628 ஜனவரியில் மற்றவர்களோடு விடுவித்தார்கள். அந்த ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய உரிமை மனு, இப்படிப் பணம் கேட்பதும் காரணம் சொல்லாமல் அடைப்பதும் சட்டத்துக்குப் புறம்பு என்றது.

அடுத்த ஆண்டு மன்னர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஹாம்டனின் நண்பர் சர் ஜான் எலியட்டை லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். எலியட் 1632 நவம்பரில் அங்கேயே இறந்தார். அந்த ஆண்டுகளில் ஹாம்டன் அவருக்கு எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி, எலியட்டின் பையன்களை எப்படி வளர்ப்பது, என்ன படிக்க வைப்பது என்பதுதான். ஹாம்டனை அறிய விரும்புகிறவர்கள் வழக்கு ஆவணங்களுக்கு முன்னால் இவற்றைப் படிப்பது நல்லது.

கப்பல் பணம் என்றால் என்ன? எப்படி வசூலித்தார்கள்?

போர் ஆபத்து வந்தால் துறைமுக ஊர்கள் மன்னருக்குக் கப்பல் கொடுக்க வேண்டும். இது பழைய வழக்கம். 1634-இல் சார்ல்ஸ் இதைத் தூசி தட்டி எடுத்துக் கடற்கரை ஊர்களிடம் கேட்டார். முணுமுணுப்போடு கொடுத்தார்கள். 1635 ஆகஸ்டு 4-ஆம் தேதியிட்ட இரண்டாவது ஆணை, கடலையே பார்க்காத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் போனது. சிக்கல் அங்கே தொடங்கியது.

பக்கிங்ஹாம்ஷயருக்கு வந்த ஆணை கேட்டது இது: 450 டன் கொள்ளளவுள்ள ஒரு போர்க்கப்பல், 180 ஆட்கள், 26 வாரச் சாப்பாடும் சம்பளமும், 1636 மார்ச் 1-க்குள் போர்ட்ஸ்மவுத்தில் நிற்க வேண்டும். கப்பல் கட்டத் தெரியாத மாவட்டம் அதற்குப் பதிலாக 4,500 பவுண்டு கட்டலாம். பணம் வழக்கமான கருவூலத்துக்குப் போகாமல் கடற்படைப் பொருளாளரிடம் போகும். இந்தச் சின்ன விவரத்தை மறக்காதீர்கள். 'இது வரியே அல்ல, சேவைக்கு ஈடு' என்று அரசு வாதிட இதுவே அடிப்படை. பிறகு இதே விவரம் அரசின் காலையும் வாரியது.

வசூல் நடந்த வழி: ஷெரிஃப் மொத்தத் தொகையை மாவட்டத்தின் உட்பிரிவுகளுக்குப் பிரிப்பார். உட்பிரிவில் இருந்து ஊருக்கு. ஊரில் மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு நிலக்காரருக்கும் தொகை எழுதுவார்கள். கான்ஸ்டபிள் வீடு வீடாகப் போய் வாங்குவார். கொடுக்காவிட்டால் மாட்டையோ பாத்திரத்தையோ ஜப்தி செய்து விற்கலாம்.

எங்கே உடைந்தது? முதல் இடம் மதிப்பீடு. என் ஊருக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்ற சண்டை எல்லா மாவட்டத்திலும் வந்தது. கொள்கை பேச அஞ்சியவர்கள் மதிப்பீட்டைக் குறைசொல்லிக் காலம் கடத்தினார்கள். இரண்டாவது, கான்ஸ்டபிள். அவரும் அந்த ஊர்க்காரர்தான். ஜப்தி செய்த மாட்டை வாங்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை.

ஹாம்டன் மறுத்தது 20 ஷில்லிங்கா, 31 ஷில்லிங் 6 பென்ஸா?

இரண்டும். ஒரே ஆள், இரண்டு ஊர். இதைக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

ஹாம்டனுக்குப் பல ஊர்களில் நிலம் இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக மதிப்பீடு வந்தது. ஸ்டோக் மாண்டவில் ஊரில் உள்ள நிலத்துக்கு 20 ஷில்லிங். கிரேட் கிம்பிள் ஊரில் 31 ஷில்லிங் 6 பென்ஸ். (20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்.) அரசு வழக்குக்கு எடுத்துக்கொண்டது ஸ்டோக் மாண்டவில் தொகையை.

கிம்பிளுக்கு வேறொரு பெருமை உண்டு. 1636 ஜனவரியில் அந்த ஊர் மதிப்பீட்டாளர்கள் மறுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை அனுப்பினார்கள். பெயர், எதிரே தொகை, அவ்வளவுதான். தலையில் ஜான் ஹாம்டன், எஸ்குவயர், 31 ஷில்லிங் 6 பென்ஸ். கீழே ஊர் விவசாயிகள், சிலர் பெயருக்கு எதிரே சில ஷில்லிங், சிலருக்குச் சில பென்ஸ். பட்டியலைத் தயாரிக்க வேண்டிய மதிப்பீட்டாளர்களும், வசூலிக்க வேண்டிய கான்ஸ்டபிள்களும் மறுத்தவர் பட்டியலில் தங்கள் பெயரையே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பெரிய மனிதர் தனியாக நின்ற கதை என்று இதைச் சொல்வோர் அந்தத் தாளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒரு பவுண்டுக்கா இவ்வளவு? கட்ட முடியாதவரா அவர்?

அன்றைய விவசாயக் கூலியாளுக்கு அது ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு. ஹாம்டனுக்குப் பொருட்டே இல்லாத தொகை. அதனால்தான் வழக்குக்கு அது பொருத்தமாக இருந்தது. தொகை பெரிதாக இருந்தால் மதிப்பீடு அநியாயம் என்ற வாதத்தில் வழக்கு கரைந்திருக்கும். 20 ஷில்லிங்கில் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. நாடாளுமன்றம் கேட்காமல் மன்னர் பணம் எடுக்கலாமா என்ற ஒரே கேள்விதான் மிச்சம்.

1774-இல் அமெரிக்க வரிகளைப் பற்றிப் பேசிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் இதையே எடுத்துக்காட்டினார்: 20 ஷில்லிங் ஹாம்டனை அழித்திருக்காது, ஆனால் கேட்கப்பட்ட கொள்கையின்படி அதில் பாதியைக் கட்டியிருந்தாலும் அவர் அடிமையாகியிருப்பார் என்றார்.

வழக்கு எப்படி நடந்தது?

1637 பிப்ரவரியில் மன்னர் முன்னெச்சரிக்கையாக 12 நீதிபதிகளிடமும் கருத்துக் கேட்டார். நாட்டுக்கு ஆபத்து வந்தால் மன்னர் இப்படி ஆணையிடலாம், ஆபத்து எப்போது என்று முடிவு செய்வதும் மன்னரே என்று 12 பேரும் கையெழுத்திட்டார்கள். குரோக், ஹட்டன் என்ற இருவர் பெரும்பான்மைக்கு இணங்கித்தான் கையெழுத்திட்டதாகப் பின்னர் சொன்னார்கள்.

அதே ஆண்டு மே மாதம் ஹாம்டனுக்கு ஆணை வந்தது: ஏன் கட்டவில்லை, காரணம் சொல். சே அண்ட் சீல் பிரபுவும் வழக்குக்குத் தயாராக நின்றார். அரசு ஹாம்டனைத் தேர்ந்தெடுத்தது.

ஹாம்டன் தரப்பு செய்த முதல் நடவடிக்கையைக் கவனியுங்கள். மதிப்பீடு தவறு, நிலம் என்னுடையது அல்ல, எனக்கு அறிவிப்பு வரவில்லை என்று எதையும் சொல்லவில்லை. ஆணைகளை நீதிமன்றத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதில் உள்ள உண்மைகள் அத்தனையும் சரி, ஆனால் சட்டப்படி நான் கட்டக் கடமைப்பட்டவன் அல்ல என்றார்கள். தப்பிக்க இருந்த சின்னச் சின்னச் சந்துகளை எல்லாம் தாமே அடைத்துவிட்டு, நேர்வாசலில் நின்றார்கள்.

1637 நவம்பரில் வாதம் தொடங்கியது. டிசம்பர் வரை 12 நாள் நடந்தது. ஹாம்டனுக்கு ஆலிவர் செயின்ட் ஜான், ராபர்ட் ஹோல்பர்ன். அரசுக்குத் தலைமை வழக்கறிஞர் சர் ஜான் பேங்க்ஸ், சர் எட்வர்ட் லிட்டில்டன்.

செயின்ட் ஜானின் வாதம் அழகானது. நாட்டைக் காக்கும் அதிகாரம் மன்னருடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். எந்த வழியில் என்பதுதான் கேள்வி. பகைவர் கரையில் இறங்கிவிட்டால் யாரும் சட்டப் புத்தகத்தைத் தேட மாட்டார்கள். இந்த ஆணையின் தேதியோ ஆகஸ்டு 4, கப்பல் வர வேண்டிய நாள் மார்ச் 1. இடையில் ஏறக்குறைய 7 மாதம். நாடாளுமன்றத்தைக் கூட்ட 40 நாள் அறிவிப்பு போதும். 7 மாதம் காத்திருக்கிற ஆபத்துக்கு நாடாளுமன்றத்தைக் கேட்க நேரமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆணையில் உள்ள இரண்டு தேதிகளை எடுத்து அரசின் அவசரத்தையே உடைத்தார்.

7-க்கு 5 என்று தோற்றார் என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?

1638-இல் நீதிபதிகள் பல மாதம் எடுத்து, ஒருவர்பின் ஒருவராகக் கருத்துச் சொன்னார்கள். ஜூன் 12-இல் தீர்ப்பு. மன்னர் பக்கம் 7 பேர்: ஃபின்ச், பெர்க்லி, கிராலி, வெர்னன், டிரெவர், வெஸ்டன், ஜோன்ஸ். ஹாம்டன் பக்கம் 5 பேர்: குரோக், ஹட்டன், டென்ஹம், டேவன்போர்ட், பிராம்ஸ்டன்.

இந்த ஐவரையும் ஒரே குரலாக எண்ணுவது பரவலான தவறு. குரோக்கும் ஹட்டனும் அடிப்படையையே மறுத்தார்கள்: நாடாளுமன்றம் இல்லாமல் இந்த வரி செல்லாது. டென்ஹம் உடல்நலமின்றி எழுத்தில் கருத்து அனுப்பினார். டேவன்போர்ட்டும் பிராம்ஸ்டனும் மன்னரின் அதிகாரத்தை மறுக்கவில்லை. ஆணை கேட்டது கப்பல்; வழக்கு கேட்பது பணம். இந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டியது என்று ஆவணத்தில் தெரியவில்லை, மன்னர் இதை எப்படித் தன் கடனாகக் கேட்கலாம் என்று நுட்பப் பிழையைக் காட்டி ஹாம்டன் பக்கம் நின்றார்கள். கடற்படைப் பொருளாளர் விவரம் அரசின் காலை வாரியது என்று மேலே சொன்னது இதைத்தான்.

வென்ற பக்கத்தின் பேச்சுதான் மன்னருக்குக் கேடாக முடிந்தது. சட்டமே அரசன் என்று தான் எங்கும் படித்ததில்லை, அரசனே சட்டம் என்பது உண்மை என்றார் பெர்க்லி. குடிமக்களின் உடல், பொருள் மீது மன்னருக்கு உள்ள ஆணையுரிமையை எந்த நாடாளுமன்றச் சட்டமும் தடுக்காது என்றார் ஃபின்ச். வரியை முணுமுணுத்தபடி கட்டி வந்த கனவான்கள் இதைக் கேட்டதும் திடுக்கிட்டார்கள். அப்படியானால் 'என் நிலம்' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

தீர்ப்புக்குப் பிறகு வசூல் கூடியதா?

விழுந்தது. 1635 ஆணைக்குக் கிட்டத்தட்ட முழுத் தொகையும் வந்திருந்தது. 1639 ஆணைக்குக் கால் பங்குகூடத் தேறவில்லை. தீர்ப்பு மட்டும் காரணம் அல்ல. ஸ்காட்லாந்தோடு மூண்ட போருக்காகப் படை, உடை, பயணச் செலவு என்று மாவட்டங்களின் முதுகில் வேறு சுமைகளும் ஏறின. ஷெரிஃப்கள் அலுத்துப் போனார்கள்.

1640 ஏப்ரலில் மன்னர் வேறு வழியின்றி நாடாளுமன்றத்தைக் கூட்டினார். கப்பல் பணத்தைக் கைவிடுவதற்கு ஈடாக, நாடாளுமன்றம் ஒப்புக்கொடுக்கும் 12 மானிய வரிகள் கேட்டார். பேரம் படியாமல் 3 வாரத்தில் கலைத்தார். நவம்பரில் மீண்டும் கூட்ட வேண்டியதாயிற்று. 1641 ஆகஸ்டு 7-இல் கப்பல் பணம் சட்டவிரோதம் என்றும் ஹாம்டன் மீதான தீர்ப்பு செல்லாது என்றும் சட்டம் வந்தது. ஃபின்ச் அதற்கு முன்பே ஹாலந்துக்கு ஓடிவிட்டார். பெர்க்லியை நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கைது செய்தார்கள்.

சபையில் அவர் பெரிய பேச்சாளரா?

இல்லை. சபையில் மன்னரின் எதிர்ப்பாளர்களுக்குத் தலைமை தாங்கிய ஜான் பிம் மாதிரி நீண்ட உரை ஆற்றுபவர் அல்ல. விவாதம் சூடாகித் தணியும் நேரத்தில் எழுந்து, கேள்வியைச் சுருக்கித் தனக்கு வேண்டிய பக்கம் திருப்பிவிடுவார் என்று எதிரணியில் இருந்த கிளாரண்டனே வியந்து எழுதியிருக்கிறார். 1641 நவம்பரில் மன்னரின் ஆட்சிக் குறைகளை அடுக்கிய 'பெருங்குறைமுறையீடு' நள்ளிரவு தாண்டி 159-க்கு 148 என்று நிறைவேறியபோது, சபையில் வாள்களில் கை போனது. ஹாம்டன் அமைதியாகப் பேசித்தான் கலவரத்தை அடக்கினார்.

மன்னரே கைது செய்ய வந்தது உண்மையா?

உண்மை. 1642 ஜனவரி 4. ஹாம்டன், பிம், ஹோல்ஸ், ஹேசல்ரிக், ஸ்ட்ரோட் ஆகிய 5 உறுப்பினர்களைப் பிடிக்க ஏறக்குறைய 400 ஆயுதம் தாங்கியவர்களுடன் மன்னர் காமன்ஸ் சபைக்கு வந்தார். முன்கூட்டியே தகவல் கிடைத்து ஐவரும் படகில் நகரத்துக்குள் போய்விட்டார்கள். எங்கே அவர்கள் என்று சபாநாயகர் லெந்தாலிடம் மன்னர் கேட்டபோது, சபை பணிக்காமல் தனக்குக் கண்ணும் இல்லை, நாவும் இல்லை என்று அவர் மண்டியிட்டுச் சொன்னார். ஒரு வாரத்தில் மன்னர் லண்டனை விட்டே வெளியேறினார். பக்கிங்ஹாம்ஷயரில் இருந்து ஆயிரக்கணக்கானோர் குதிரையில் வந்து தங்கள் உறுப்பினருக்காக மனுக் கொடுத்தார்கள்.

போரில் என்ன செய்தார்? எப்படி இறந்தார்?

1642-இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. ஹாம்டன் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்று, சொந்த மாவட்டத்தில் பச்சைச் சட்டைக் காலாட்படை ஒன்றைத் திரட்டினார். 'பின்வாங்கும் அடி இல்லை' என்பது அவர் கொடியில் இருந்த லத்தீன் வாசகத்தின் பொருள். எட்ஜ்ஹில் போரில் கடைசி நேரத்தில்தான் வந்து சேர்ந்தார்.

1643 ஜூன் 17 இரவு, மன்னரின் மருமகனும் அவர் பக்கத்துக் குதிரைப்படைத் தளபதியுமான இளவரசர் ரூபர்ட் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து குதிரைப்படையுடன் புறப்பட்டார். நாடாளுமன்றப் படைக்குச் சம்பளப் பணம் வருவதாகக் கட்சி மாறிய கர்னல் ஹர்ரி துப்புக் கொடுத்திருந்தார். பணம் சிக்கவில்லை. திரும்பும் வழியில் மறுநாள் காலை சால்குரோவ் வயல்வெளியில் மோதல். தன் படை அங்கே இல்லாதபோதும் ஹாம்டன் தன்னார்வமாகக் குதிரைப்படையோடு சேர்ந்துகொண்டார். ரூபர்ட் வேலியைத் தாண்டிக் குதித்துத் தாக்கினார். ஹாம்டனுக்குத் தோளில் காயம். தலை தொங்க, கைகள் குதிரையின் கழுத்தில் ஊன்றியிருக்க, சண்டை முடியும் முன்பே களத்தை விட்டு அவர் போனதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தான் படித்த தேம் ஊரிலேயே 6 நாள் கிடந்து, ஜூன் 24-இல் இறந்தார். அந்தத் தேதி அவருடைய முதல் திருமண நாள்.

எதிரி சுட்டதா, சொந்தத் துப்பாக்கி வெடித்ததா?

இரண்டு கதைகள் உண்டு. அக்கால அறிக்கைகள் தோளில் குண்டு பாய்ந்ததாகச் சொல்கின்றன. மருந்து அளவுக்கு மேல் கெட்டித்திருந்த சொந்தக் கைத்துப்பாக்கி வெடித்துக் கை சிதைந்தது என்ற கதை பின்னால் எழுந்தது. 1828-இல் நியூஜென்ட் பிரபு கிரேட் ஹாம்டன் தேவாலயத்தில் ஒரு கல்லறையைத் திறந்து பார்த்தார். கை வெட்டப்பட்ட உடல் கிடைத்தது. அது ஹாம்டனின் உடல்தானா என்பதற்கே உறுதி இல்லாததால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அக்காலச் சான்றுகளின் பக்கம் நிற்பதே சரி.

தேதிகள் நூலுக்கு நூல் மாறுவது ஏன்?

அன்று இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. எனவே கிம்பிள் பட்டியலின் ஜனவரி, மூல ஆவணத்தில் 1635 என்று இருக்கும். நம் கணக்கில் 1636. ஐந்து உறுப்பினர் நிகழ்ச்சியும் ஆவணத்தில் 1641 ஜனவரி. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை வரும் எந்தத் தேதிக்கும் ஒரு ஆண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். நாள் கணக்கும் ஐரோப்பாவை விட 10 நாள் பின்தங்கியிருந்தது. அதை மாற்ற வேண்டாம், இங்கிலாந்து வரலாற்று நூல்கள் பழைய நாளையே வைத்துக்கொள்கின்றன.

எத்தனை ஜான் ஹாம்டன்கள் இருக்கிறார்கள்?

தேடும்போது குறைந்தது மூவர் வருவார்கள். நம்மவர். அவருடைய பேரன் ஜான்: 1680-களில் அரசுக்கு எதிரான சதி வழக்கில் 40,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டவர், 1696-இல் தற்கொலை செய்துகொண்டார். 19-ஆம் நூற்றாண்டில் பூமி தட்டை என்று இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் வாலஸுடன் 500 பவுண்டு பந்தயம் கட்டிய இன்னொரு ஜான் ஹாம்டன். நம்மவரின் மகன் ரிச்சர்ட் ஹாம்டன் பிற்காலத்தில் நிதியமைச்சரானவர்.

அவரை ஜனநாயகப் போராளி என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. எல்லாருக்கும் வாக்குரிமை என்ற எண்ணம் அவரிடம் இருந்ததற்குச் சான்று இல்லை. நிலம் வைத்திருப்பவனின் சொத்து, அவன் பிரதிநிதிகளின் ஒப்புதல் இல்லாமல் எடுக்கப்படக் கூடாது என்பதே அவர் வழக்கு. அந்த அளவிலேயே அது பெரிய காரியம். பிற்காலத்தவர் அதை விரித்துக்கொண்டார்கள். காந்தி 1906-இல் தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் ஹாம்டனைப் பற்றி எழுதினார். அநியாயச் சட்டத்தை மறுத்து அதன் தண்டனையை ஏற்கும் மனிதருக்கு அவரை எடுத்துக்காட்டினார்.

இன்று எங்கே போய்ப் பார்க்கலாம்?

கிரேட் ஹாம்டன் தேவாலயத்தில் மனைவிக்கு அவர் வைத்த கல். ஐல்ஸ்பரி சந்தைச் சதுக்கத்தில் 1912-இல் நிறுவிய சிலை. சால்குரோவில் 1843-இல் எழுப்பிய நினைவுத்தூண். கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க் கால்பந்து மைதானமும் அவருடைய பெயர் சூட்டப்பட்ட ஒரு தெருவின் வழியாகப் பெயர் பெற்றதுதான்.

நேரம் குறைவென்றால் பிரெஸ்ட்வுட் பக்கம் போங்கள். அந்தப் பகுதி முன்பு ஸ்டோக் மாண்டவில் ஊரின் தனித்துக் கிடந்த துண்டு. ஒரு பண்ணைப் பாதையோரம் 1863-இல் நட்ட கல் நிற்கிறது. இந்த நிலங்களுக்காகத்தான் ஜான் ஹாம்டனுக்கு 20 ஷில்லிங் கப்பல் பணம் விதிக்கப்பட்டது என்று அதில் பொறித்திருக்கிறார்கள்.